பொதிகளின் எண்ணிக்கையும் பேணும் கைகளும்

2023 ஜூனில் டெபியன் 12 வெளிவந்தபோது அதில் 64,419 பொதிகள் இருப்பதாக அறிவித்தார்கள். நிக்ஸ் பொதி மேலாளரின் களஞ்சியம் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு லினக்ஸ் வழங்கலையோ பொதி மேலாளரையோ யார் அறிமுகப்படுத்தினாலும் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான். ஒரே கட்டளையில் இத்தனை மென்பொருள்கள் கைக்கு வருவது உண்மையிலேயே பெரிய வசதி. 1990களின் தொடக்கத்தில் நிரலை இறக்கி, அதற்கு வேண்டிய நூலகங்களை ஒவ்வொன்றாகத் தேடி, தாமே கம்பைல் செய்து நிறுவியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒவ்வொரு பொதிக்கும் பின்னால் ஒரு செய்முறைக் கோப்பு இருக்கிறது. மூல நிரலை எங்கிருந்து எடுப்பது, எதனோடு சேர்த்துக் கட்டுவது, எங்கே வைப்பது என்று கணினிக்குச் சொல்வது அந்தக் கோப்புதான். அதை யாரோ ஒருவர் எப்போதோ எழுதியிருக்கிறார் என்பதை எண்ணிக்கை காட்டும். இன்றைக்கு யாராவது அதைப் பார்த்துக்கொள்கிறார்களா என்பதைக் காட்டாது. திறமூல மென்பொருள் உலகின் பல சிக்கல்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. செய்முறையை எழுதுவது எளிது, பேணுவதுதான் கடினம். ஆகவே ஒரு களஞ்சியத்தை, அதில் எத்தனை பொதிகள் உள்ளன என்பதைவிட எத்தனை பொதிகள் பேணப்படுகின்றன என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

செய்முறைக்குள் என்ன இருக்கிறது என்பதை இசட்லிப் என்ற நூலகத்தை வைத்துப் பார்க்கலாம். தரவைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் இந்தச் சிறிய நூலகம் 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பிஎன்ஜி படங்களைத் திறக்கும் நிரல்கள் முதல் கிட் வரை எண்ணற்ற மென்பொருள்கள் இதைச் சார்ந்து நிற்கின்றன. மேக் கணினிகளில் பரவலாகப் பயன்படும் ஹோம்ப்ரூவில் இதன் செய்முறை ரூபி மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு கோப்பு. ஒரு வரி விளக்கம், மூலத் தொகுப்பின் முகவரி, அத்தொகுப்பு இடையில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் 64 இலக்க எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ், உரிமத்தின் பெயர், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று எங்கே பார்ப்பது என்ற குறிப்பு, கட்டும் கட்டளைகள், கடைசியில் நிறுவியது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை ஆகியவை அதில் இருக்கும். டெபியனில் இதே வேலையை 'டெபியன்' என்ற அடைவுக்குள் உள்ள 'கன்ட்ரோல்', 'ரூல்ஸ்' முதலிய கோப்புகள் செய்கின்றன. ஆர்ச்சில் பிகேஜிபில்ட், ஜென்டூவில் ஈபில்ட், மேக்போர்ட்ஸில் போர்ட்ஃபைல், அறிவியல் கணினி மையங்களில் புழங்கும் ஸ்பாக்கில் ஒரு பைத்தான் வகுப்பு. மொழியும் வடிவமும் வேறுபட்டாலும் கேள்விகள் ஒன்றுதான்: எது, எங்கிருந்து, எதனோடு, எப்படி, சரியாக வந்ததா?

இந்தக் கேள்விகளுக்கான விடைகள் நிலையாக நிற்பதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். இசட்லிப் 1.2.11 பதிப்புக்கு 2017இல் ஒருவர் சரியான செய்முறை எழுதி, ஓர் எழுத்தும் மாற்றாமல் விட்டுவிட்டார் என்று கொள்வோம். 2022 மார்ச்சில் 1.2.12 வந்தது, அதுவரை இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அது அடைத்தது. இசட்லிப் தளம் புதிய பதிப்பு வந்தவுடன் பழையதை வேறோர் அடைவுக்கு நகர்த்திவிடும். எனவே பழைய முகவரியை மட்டும் நம்பியிருந்த செய்முறைகள் அப்போதே உடைந்தன. 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப், தான் உருவாக்கித் தரும் மூலத் தொகுப்புகளைச் சுருக்கும் முறையை மாற்றியது. உள்ளிருந்த நிரல் ஒன்றும் மாறவில்லை, ஆனால் சுருக்கிய கோப்பின் ஹாஷ் மாறியது. ஹாஷைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த செய்முறைகள் பல களஞ்சியங்களில் ஒரே நாளில் தோற்றன. எதிர்ப்பு எழுந்ததும் கிட்ஹப் பழைய முறைக்குத் திரும்பியது. 2024 மேயில் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூறுகளை அழைக்கும் பழைய சி நிரல்களுக்கு அதுவரை எச்சரிக்கை மட்டும் கொடுத்துவந்ததை மாற்றிப் பிழையென்று நிறுத்தியது. 2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, தனது 3.5ஆம் பதிப்புக்கு முந்தைய நடத்தையை எதிர்பார்க்கும் திட்டங்களைக் கட்ட மறுத்தது. பல ஆண்டுகளாக யாரும் தொடாத, குறையேதும் இல்லாத நிரல்கள்கூட ஒரே நாளில் கட்டப்படாமல் போயின. செய்முறை தன் இடத்திலேயே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள கம்பைலரும் முகவரியும் நூலகமும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஏரியை வெட்டுவது ஒருமுறை, தூர் வாருவது ஆண்டுதோறும் என்ற நிலைதான் இங்கும்.

உடைந்ததைச் சரிசெய்வது பராமரிப்பின் வெளிப்படையான பகுதி. அதைவிட முக்கியமானது, செய்முறைக்குள் பொதிந்திருக்கும் தீர்ப்புகள். டெராஃபார்ம் மென்பொருளை வெளியிடும் ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தைத் திறமூல வரையறைக்கு வெளியே கொண்டுபோனது. ஹோம்ப்ரூவின் மையக் களஞ்சியம் திறமூல உரிமங்களை மட்டுமே ஏற்கும் என்பதால், டெராஃபார்ம் அங்கே பழைய உரிமத்தின் கடைசி வரிசையைச் சேர்ந்த 1.5.7 பதிப்போடு நின்றது. 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிவிடு' என்ற எளிய விதியைப் பின்பற்றியிருந்தால் களஞ்சியம் தன் கொள்கையையே மீறியிருக்கும். ஸ்பாக்கின் செய்முறைகளில் இன்னொரு வகைத் தீர்ப்பைக் காணலாம். இந்தப் பதிப்பை இந்தக் கம்பைலரோடு சேர்த்துக் கட்டாதே, காரணம் இது என்று சொல்லும் 'கான்ஃப்ளிக்ட்ஸ்' வரிகள் அவற்றில் நிறைய உண்டு. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் தோற்று, காரணம் தேடி, அடுத்தவருக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்று எழுதி வைத்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் செய்முறை என்பது ஒரு மென்பொருளைப் பற்றிச் சேர்ந்துவந்த அறிவின் பதிவு. அறிவைப் பதிந்தவர் விலகி, அந்த இடத்துக்கு வேறொருவர் வராதபோது, கோப்பு அப்படியே இருக்கும். அதிலுள்ள தீர்ப்புகள் இன்றைக்கும் பொருந்துமா என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதற்குக் களஞ்சியங்கள் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. டெபியன் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு பொதிக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பாளரை வைத்தது. இதனால் பொறுப்புணர்வு வளர்ந்தது. அதே நேரம், பொறுப்பாளர் காணாமல் போனாலும் மற்றவர்கள் கைவைக்கத் தயங்கும் பழக்கமும் வளர்ந்தது. பிற்பாடு டெபியன் குழுக்களை ஊக்குவித்தது, கைவிடப்பட்ட பொதிகளைத் தரக் குழுவின் பெயருக்கு மாற்றியது, கடுமையான பிழை தீராத பொதிகளை அடுத்த வெளியீட்டுக்கான வரிசையிலிருந்து தானாக நீக்கும் முறையைக் கொண்டுவந்தது. மேக்போர்ட்ஸ் இதைக் கால வரையறையால் தீர்க்கிறது: பொறுப்பாளர் 72 மணி நேரத்தில் பதில் சொல்லாவிட்டால் மற்றவர்கள் மாற்றத்தைச் சேர்க்கலாம். ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸில் இந்த அவகாசம் இரண்டு வாரம். ஹோம்ப்ரூ நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே தனிப் பொதிக்குத் தனிப் பொறுப்பாளர் இல்லை, ஒரு சிறு குழுவே மொத்தத்தையும் பார்க்கிறது. அதற்கேற்ப நுழைவாயிலிலேயே வடிகட்டுகிறார்கள்: கிட்ஹப்பில் போதிய கவனம் பெறாத திட்டங்களுக்கு இடமில்லை, கட்டும் முறையை மாற்றும் விருப்பத்தேர்வுகளை 2019இல் மையக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஓய்ந்த பொதிகளை முதலில் எச்சரித்து, பிறகு முடக்கி, கடைசியில் நீக்குகிறார்கள். கோண்டா-ஃபோர்ஜ் ஒவ்வொரு பொதிக்கும் தனிக் களஞ்சியம் வைத்து, பலரைப் பொறுப்பாளராகச் சேர்க்கிறது. புதிய பதிப்புகளை பாட் எனப்படும் தானியங்கி நிரல் ஒன்று கண்டுபிடித்து மாற்றக் கோரிக்கை எழுப்புகிறது. இந்த விடைகளில் எது சிறந்தது என்பதைவிட, இவை அனைத்தும் ஒரே உண்மையை ஒப்புக்கொள்கின்றன என்பதே கவனிக்கத்தக்கது: பராமரிப்பாளர்களின் நேரம்தான் களஞ்சியத்தின் எல்லையை வகுக்கிறது. அந்த எல்லையை வெளிப்படையாக ஏற்ற களஞ்சியம் சேர்ப்பதில் கறாராக இருக்கிறது, அல்லது விலக்குவதற்கு ஒழுங்கான வழி வைத்திருக்கிறது.

எல்லையை ஏற்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜூலையில் ஆர்ச் பயனர் களஞ்சியத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே கைவிடப்பட்ட பொதியை யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம். பிடிஎஃப் வாசிப்பான் ஒன்றின் அனாதைச் செய்முறையை ஒருவர் தத்தெடுத்து, வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி இயக்கும் வரியை அதில் நுழைத்தார். விரைவில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள் என்றாலும், கவனிப்பாரற்ற செய்முறை திறந்து கிடக்கும் வாசல் என்பது அன்று தெளிவானது. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் பின்கதவு இன்னும் ஆழமான பாடம். தனி ஒருவர் சோர்வோடு பேணிவந்த சுருக்க நூலகத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தீய நிரலைப் புகுத்தினார். அதைத் தூண்டும் வரிகள் பொதுவில் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. அவ்வரிகள் இயக்கிய ஸ்கிரிப்ட், தான் டெபியன் பொதியாகவோ ஆர்பிஎம் பொதியாகவோ கட்டப்படுகிறதா என்று சோதித்தது. அதற்காக டெபியனின் 'ரூல்ஸ்' கோப்பு இருக்கிறதா என்று தேடியது. தாக்கியவர் பொதிச் செய்முறைகளின் உலகை நன்கு அறிந்தே குறிவைத்தார். புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்க்கும்படி வழங்கல்களுக்கு நெருக்கடியும் கொடுக்கப்பட்டது. சுமை அதிகமான பராமரிப்பாளர் எங்கே இருக்கிறாரோ, அங்கேதான் அவசரப்படுத்தினால் பலன் கிடைக்கும் என்பது தாக்கியவரின் கணக்கு.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு: இவ்வளவும் இயந்திரம் செய்யக்கூடிய வேலை, மனிதர் எதற்கு? பாட்கள் மிகப் பெரிய சுமையைக் குறைத்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. நிக்ஸ், கோண்டா-ஃபோர்ஜ், ஹோம்ப்ரூ மூன்றிலுமே புதிய பதிப்பைக் கண்டறிந்து, ஹாஷைக் கணக்கிட்டு, கோரிக்கை எழுப்பும் வேலையைப் பாட்கள் செய்கின்றன. இதை மனிதர் கையால் செய்வது வீண். ஆனால் பாட் விடை சொல்லும் கேள்வி 'புதிய பதிப்பு வந்திருக்கிறதா, கட்ட முடிகிறதா' என்பது மட்டும். டெராஃபார்மின் புதிய உரிமம் ஏற்புடையதா, சிமேக் 4.0இல் தோற்ற திட்டத்தைப் பழைய நடத்தை காட்டும் ஒரு வரியைச் சேர்த்து ஓட்டிவிடலாமா அல்லது மூல நிரலாளரிடம் திருத்தம் கேட்க வேண்டுமா, புதிதாகச் சேர்ந்திருக்கும் இந்தச் சார்பு உண்மையிலேயே தேவையா என்ற கேள்விகள் அதன் கண்ணில் படுவதில்லை. எக்ஸ்இசட் 5.6.1 எல்லாச் சோதனைகளிலும் தேறியது. கட்டப்பட்டது என்பதாலேயே நம்பத்தக்கது ஆகிவிடாது. பாட் மனிதரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். அந்த மிச்ச நேரம் மதிப்பாய்வுக்குப் போக வேண்டும். மிச்சமானதை மேலும் பத்தாயிரம் பொதிகளைச் சேர்க்கச் செலவிட்டால் பழைய இடத்துக்கே திரும்புகிறோம்.

இரண்டாவது மறுப்பு: இடைத்தரகர்களே வேண்டாம், நிரலாளர் தாமே வெளியிடட்டும், அல்லது எல்லாவற்றையும் ஒரே கன்டெய்னரில் அடைத்துக் கொடுக்கட்டும். என்பிஎம் போன்ற மொழிக் களஞ்சியங்களில் நிரலாளரே நேராக வெளியிடுகிறார். அங்கே 2016 மார்ச்சில் 11 வரி நிரலான லெஃப்ட்-பேடை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டதும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டப்படாமல் நின்றன. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியை, களைத்துப்போன அதன் ஆசிரியர் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்க, பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த நிரல் அதனுள் புகுந்தது. நடுவில் வேறொரு கண் இல்லாததன் விலை அது. கன்டெய்னரைப் பொறுத்தவரை, பெரும்பாலான படிமங்கள் டெபியன் அல்லது ஆல்பைன் பொதிகளின் மேல்தான் எழுப்பப்படுகின்றன. ஃப்ளாட்பேக்குக்கும் செய்முறைக் கோப்பு உண்டு. செய்முறை மறையவில்லை, ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் தனித்தனியாகப் போய்விட்டது. இசட்லிப்பில் ஓட்டை வந்தால் பொதுக் களஞ்சியத்தில் ஒரு செய்முறையைத் திருத்தினால் போதும். அதே நூலகத்தை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயிரம் பெட்டிகளில் எது எது பாதிக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளிப்பட்டபோது நிறுவனங்கள் வாரக்கணக்கில் திணறியது இதனால்தான்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது: பொதிப் பராமரிப்பாளர்களே தீங்கு செய்திருக்கிறார்களே? 2006 செப்டம்பரில் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை நீக்குவதற்காக இரண்டு வரிகளை விலக்கினார்கள். அதனால் சீரற்ற எண்களுக்கான மூலம் கிட்டத்தட்ட முழுவதும் அடைபட்டு, செயல் எண் மட்டுமே மிஞ்சியது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறக்குறைய 32 ஆயிரம் வாய்ப்புகள்தான் இருந்தன. 2008 மே 13 அன்று இது அறிவிக்கப்படும்வரை டெபியனிலும் அதைச் சார்ந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன. எக்ஸ்இசட் தாக்குதலிலும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வருக்குள் அந்த நூலகம் நுழைந்தது, சிஸ்டம்டியோடு இணைப்பதற்காகச் சில வழங்கல்கள் சேர்த்த பேட்ச் வழியாகத்தான். மூல ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் அந்த இணைப்பு இல்லை. அதோடு, பின்கதவைக் கண்டுபிடித்தவர் அப்பொதியின் பராமரிப்பாளர் அல்லர். டெபியனின் வளர்நிலைப் பதிப்பில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர். இந்த உண்மைகளை மறைக்கக் கூடாது. ஆனால் இவை சொல்வது என்ன? மூல நிரலாளரோடு போதிய உரையாடலின்றிச் செய்த மாற்றம் ஆபத்து. ஏன் செய்தோம் என்ற காரணத்தை யாரும் மறுபடி சோதிக்காத பேட்ச் ஆபத்து. பராமரிப்பு மெலிந்த இடத்தில் நேர்ந்த தவறுகள் இவை. பராமரிப்பே வேண்டாம் என்பதற்குச் சான்றாகா. எதிர்த் திசையில் நடந்ததும் பதிவில் உண்டு. ஜிசிசி 14 வரும் முன்பே ஃபெடோராவும் ஜென்டூவும் தம் பொதிகளைக் கட்டிப் பார்த்து, உடையக்கூடியவற்றைக் கண்டறிந்து, திருத்தங்களை மூல நிரலாளர்களுக்கே அனுப்பின. அந்த உழைப்பின் பலன் அவ்விரு வழங்கல்களையும் தாண்டி எல்லோருக்கும் கிடைத்தது.

கடைசி மறுப்பு நியாயமான கவலையிலிருந்து வருவது: பேண முடியாததை விலக்கினால், அதை நம்பியிருப்பவர் என்ன செய்வார்? பத்தாண்டுக்கு முந்தைய ஆய்வு முடிவை மறுபடி பெற அதே பழைய பதிப்பு வேண்டும் என்று ஓர் அறிவியலாளர் கேட்டால் அது உரிமையான கோரிக்கை. ஆனால் வைத்திருப்பதும் பரிந்துரைப்பதும் வேறு. ஸ்பாக்கில் பழைய பதிப்பை 'வழக்கொழிந்தது' என்று குறிக்கலாம். பயனர் தெரிந்தே கேட்டாலன்றி அது நிறுவப்படாது. நிக்ஸில் களஞ்சியத்தின் பழைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். மூலத் தொகுப்பு இணையத்திலிருந்தே மறைந்துவிட்டாலும் மென்பொருள் மரபைக் காக்கும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி கீக்ஸ் என்ற பொதி மேலாளரில் உண்டு. காப்பகத்தில் எல்லாம் இருக்கட்டும். 'இதை நிறுவலாம்' என்று இன்று சொல்லும் பட்டியலில், இன்று பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவை மட்டுமே இருக்க வேண்டும்.

இவற்றிலிருந்து செய்ய வேண்டியவை தெளிவாகின்றன. களஞ்சியங்கள் பொதி எண்ணிக்கையோடு, எத்தனைக்குப் பொறுப்பாளர் இருக்கிறார், எத்தனை அனாதையாக நிற்கின்றன என்பதையும் முகப்பிலேயே வெளியிட வேண்டும். மற்ற பொதிகள் அதிகம் சார்ந்திருக்கும் அடித்தள நூலகங்களுக்குக் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். புதிய பொதியைச் சேர்க்க வருபவரிடம் முதலில் ஓர் அனாதைப் பொதியை ஏற்கச் சொல்வது நல்ல நுழைவு வழி. ஒவ்வொரு பேட்சோடும் காரணமும், மூல நிரலாளருக்கு அனுப்பினோமா என்ற விவரமும் எழுதப்பட வேண்டும். டெபியனின் பேட்ச் தலைப்பு நெறியில் 'ஃபார்வர்டட்' என்ற புலம் இதற்காகவே இருக்கிறது. வெளியீட்டுத் தொகுப்பும் பொதுக் களஞ்சியமும் ஒன்றா என்று ஒப்பிடும் சோதனை வழக்கமாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் வேண்டும். டெபியனின் நீண்ட காலப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு ஃப்ரீக்ஸியன் நிறுவனம் வழியாக 2014 முதல் நிறுவனங்கள் பணம் கொடுத்து, பங்களிப்பாளர்களின் வேலை நேரத்தை வாங்கிவருகின்றன. இந்த ஏற்பாடு விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் நிற்கிறது. உலகெங்கும் பல அரசு வழங்கல்களும் வணிகச் சேவைகளும் இப்படியே பிறர் பேணும் செய்முறைகளின் மேல் நிற்கின்றன. பயன் பெறுபவர்கள் பராமரிப்பில் பங்கேற்பது தானமல்ல, தங்கள் அடித்தளத்துக்கான செலவு.

பராமரிப்பாளர் பெரும்பாலும் தன்னார்வலர். அவர் வேலை நன்றாக நடக்கும்போது யாருக்கும் தெரியாது, தவறினால் மட்டுமே பெயர் வெளிவரும். புதிய பொதி சேர்த்தவருக்குக் கிடைக்கும் பாராட்டு, பழைய பொதியைப் பத்தாண்டு உடையாமல் வைத்திருந்தவருக்குக் கிடைப்பதில்லை. இந்த மதிப்பீட்டை மாற்றாமல் கருவிகளை மட்டும் மேம்படுத்தினால் களஞ்சியங்கள் வீங்கும், வலுப்பெறாது. 30 ஆயிரம் பொதிகள் வைத்து, அவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கும் களஞ்சியம், 1 லட்சம் வைத்துப் பாதிக்கு ஆள் இல்லாத களஞ்சியத்தைவிட நம்பத்தக்கது. அந்த நம்பிக்கையைத்தான் பயனர் ஒவ்வொரு முறை நிறுவும் கட்டளையை அடிக்கும்போதும் எடுத்துக்கொள்கிறார். அதற்கு ஈடாக அவரும், அவரைவிட அதிகமாக அவர் வேலை செய்யும் நிறுவனமும், பேணும் கைகளுக்கு நேரமும் பணமும் தரக் கடமைப்பட்டவர்கள்.